பழைய ஆட்டமும் புதிய கையசைவும்

பழைய நூலுக்குப் புத்துரை எழுதுவோர் மூலத்தைத் திருத்துவதில்லை. அதை அணுகும் வழியையே எளிதாக்குகின்றனர். வீடியோ விளையாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2006இல் 'வீ' என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் ரிமோட் கையசைவை உணரவல்லது. தன் முந்தைய கருவியாகிய 'கேம்கியூப்'பின் ஆட்டங்கள் சிலவற்றை அந்நிறுவனம் 2008 முதல் இதற்கேற்ப மாற்றி மீண்டும் வெளியிட்டது.

விளைந்தது யாது? இரு சான்றுகளை நோக்குவோம். 2001இல் வந்த 'பிக்மின்' ஆட்டத்தில், சிற்றுயிர்களை எறியும் இலக்கைக் கட்டைவிரலால் குமிழை நகர்த்தியே குறிக்க வேண்டும். மறுபதிப்பிலோ ரிமோட்டைத் திரைநோக்கி நீட்டினாலே போதும்; குறி எளிதாயிற்று. 2004இல் வந்த 'டாங்கி காங் ஜங்கிள் பீட்', போங்கோ எனும் இரட்டை முரசு வடிவக் கருவியைத் தட்டி ஆடுவதற்கென்றே அமைந்தது. மறுபதிப்பில் முரசு நீங்கியது. குமிழும் பொத்தானும் ரிமோட்டை உதறுதலும் அதன் இடத்தைப் பெற்றன. ஆட்டம் எஞ்சியது, தாளம் குன்றியது.

2011இல் கையசைவால் வாள் வீசுமாறு வந்த 'ஸெல்டா: ஸ்கைவார்டு ஸ்வார்டு' 2021இல் மறுபதிப்பானபோது, அசைவு, பொத்தான் என இருவழியும் தரப்பட்டன. கையை வீசி ஆட இயலாதவர்க்கும் கதவு திறந்தது. பழைய வழியை அடைக்காது புதிய வழியைச் சேர்ப்பதே நல்ல மறுபதிப்பு என்பது நம் துணிபு.