கொழுக்கட்டைப் புல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (தாவரவியல்)

"புல்தானே!" என்று இகழ்வோர் பலர். நெல்லும் கரும்பும் மூங்கிலும் புல்லினமே என்பதை நம் துறை மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் நாமக்கல், பரமத்தி, மேச்சேரி வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் தானே வளர்ந்து ஆடுமாடுகளைக் காக்கும் கொழுக்கட்டைப் புல்லை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

இதன் தாவரவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். 1771-இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. ஊதாச் சாயலுடன் நரிவால் போன்று நிற்கும் கதிரே இதன் அழகு. ஒவ்வொரு சிறுகதிர்க் கொத்தையும் மெல்லிய மயிர்கள் சூழ்ந்திருக்கும். நாற்றுப் பண்ணைகளில் அழகுக்காக விற்கப்படும் செந்நிற 'ஃபவுண்டன்' புல் இதன் நெருங்கிய உறவு. 2010-இல் ஆய்வாளர்கள் பெனிசெட்டம் பேரினத்தைச் செங்க்ரஸுடன் இணைத்தனர். அதன்படி கம்பும் செங்க்ரஸ் ஆயிற்று! இதை என் அப்பாயியிடம் சொன்னபோது, "கதிரைப் பாத்தாத் தெரியாதா? இதுக்குப் படிக்கோணுமா?" என்றார்.

இப்புல்லின் விதை பெரும்பாலும் கருவுறாமலே உண்டாகிறது. இதனை அபோமிக்ஸிஸ் என்பர். சேய்ச்செடி தாய்ச்செடியின் நேர்ப்படியாகவே வரும். ஆகவே கலப்பினம் உண்டாக்குவது நெடுங்காலம் இயலாதிருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் பாஷா என்னும் அறிஞர் பாலினப் பெருக்கம் செய்யும் செடி ஒன்றைக் கண்டு 1960-களில் அத்தடையை நீக்கினார். ஒரே ஒரு செடி! வகுப்பில் படித்தவற்றுள் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது இதுவே.

வளர்ப்பது எளிது, அவசரம் மட்டும் ஆகாது. புதிய விதை முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் உறக்கநிலையில் இருக்கும். தை மாதத்தில் உருவிய விதையைப் புரட்டாசி மழைக்கு விதைத்தால் கணக்குச் சரியாகிவிடும். விதை பஞ்சு போல் காற்றில் பறக்குமாதலால் ஈரமணலுடன் கலந்து தூவி, மேலாக மண் மூடினால் போதும், ஆழம் கூடாது. ஏக்கருக்கு 3 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 50 செ.மீ. இடைவெளி. முதல் அறுப்பு ஏறக்குறைய 70 நாளில். அதுவரை ஆடு வாய் வைக்கக்கூடாது. வேர் பிடிக்காத தூர் கையோடு வந்துவிடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'நீலக் கொழுக்கட்டை' என்னும் இரகத்தை வெளியிட்டுள்ளது. வீட்டு முற்றத்திற்கு விதையே வேண்டாம். பழைய தூரை வேருடன் பிரித்து நட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் ஒட்ட அறுத்துவிட்டால் புதுக்கதிர் செழித்து வரும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் வராது.

முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், மேலே வெள்வேல் மரமும் நிற்கும் மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு நாட்டில் கொறங்காடு என்பர். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இப்படிப்பட்ட நிலத்தை நம்பியவை. எங்களுக்கும் அப்படி இரண்டு ஏக்கர் உண்டு. என் கல்லூரிச் செலவுக்கு விற்ற கிடாய்கள் அங்கே மேய்ந்தவையே. பக்கத்துக் காடுகளில் மனைக்கற்கள் நட்டாயிற்று. எங்கள் காட்டை உழுது மரவள்ளி வைக்கலாம் என்பது தந்தையாரின் எண்ணம். ஒரு நல்ல மழை ஆண்டில் கிழங்கு தரும் பணத்தைப் புல் தராதுதான். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கிழங்கு கருகும். புல்லோ தூரில் உயிர் வைத்திருந்து, முதல் தூறலிலேயே துளிர்க்கும். ஒரு ஏக்கரையேனும் விட்டுவைக்கும்படி கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

இப்புல் எங்கும் நல்லதென்று சொல்லிவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இது களையாகப் பரவி, காய்ந்த காலத்தில் தீப்பற்றி, அந்நாட்டுச் செடிகளை அழிக்கின்றது. நம் மண்ணில் ஆடும் மாடும் மேய்ந்து அதனை அளவோடு வைத்திருக்கின்றன.

சென்ற தை மாதம் உருவிய விதை ஒரு துணிப்பை நிறைய என்னிடம் உள்ளது. வேண்டும் நண்பர்கள் புரட்டாசிக்கு முன் தாவரவியல் ஆய்வகத்தில் என்னைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.