பாட்டியின் பெயரில் ஒரு ஆல்பம்

கேள்வி: ராப் பாடகர் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை என் மகன் விடாமல் கேட்கிறான். எனக்கு ஒரே இரைச்சலாக இருக்கிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், கோரிமேடு, புதுச்சேரி

பதில்: மகனோடு உட்கார்ந்து முதலில் சொற்களை மட்டும் கேளுங்கள். வள்ளியம்மா அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவரைப் போன்ற 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கும் என்றது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்திலேயே பிறந்தவர்கள், வந்து சேர்ந்த ஊரில் 'சிலோன்காரர்' ஆனார்கள். நம் சினிமாப் பாட்டு அவர்கள் பக்கம் அநேகமாகத் திரும்பியதே இல்லை. அந்தக் கடனைத்தான் இந்தப் பேரன் தீர்க்கிறார்.

மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது தமிழ் ராப்பின் வேகம்தான் நம்மைப் பிடித்தது. அறிவு அதில் ஒப்பாரியின் இழுவையைச் சேர்த்தார். அது பெரிய காரியம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. வாத்தியங்கள் அடர்ந்த சில இடங்களில் சொல் அமுங்கிவிடுகிறது. அதனால் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 2019இல் அவர் செய்த 'தெருக்குரல்' ஆல்பம்தான் என் முதல் தேர்வு. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் பலியான ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு இருக்கிறது. நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.