குடலின் நரம்பகஞ்சுரப்புக் கட்டிகள்: சிகிச்சையும் பயனும்

நமது உணவுக் கால்வாயின் சுவரிலும் சதையியிலும் சிதறிக் கிடக்கும் சில கலங்கள், நரம்பின் இயல்பையும் அகஞ்சுரக்குஞ் சுரப்பியின் இயல்பையும் ஒருங்கே உடையன. ஓமோன்களைச் சுரந்து சமிபாட்டை ஒழுங்குபடுத்துவது அவற்றின் தொழில். அக்கலங்களிலிருந்து எழுவனவே நரம்பகஞ்சுரப்புக் கட்டிகள். 1907ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து நோயியலறிஞர் சிக்பிரீட் ஓபர்ண்டோர்பர், சிறுகுடலிற் கண்ட இத்தகைய கட்டிகளுக்குப் புற்றுநோய் போன்றவை எனப் பொருள்படும் "காசினொயிட்" என்னும் பெயரை இட்டார். அவை தீங்கற்றவை என்றே அன்று கருதினார். 1929இல் தம் கருத்தைத் தாமே திருத்தி, அவை பரவவும் வல்லன என எழுதினார்.

அவர் முதலில் அவ்வாறு எண்ணியது வியப்பன்று. இக்கட்டிகளுட் பல மிக மெதுவாகவே வளர்வன. சிறுகுடற் கட்டி சுரக்கும் செரற்றோனினை ஈரல் செயலிழக்கச் செய்துவிடுவதால், நோய் வெளிப்படாது மறைந்திருக்கும். கட்டி ஈரலுக்கே பரவியபின்னர்தான் முகஞ்சிவத்தல், ஓயாத வயிற்றோட்டம், இருதயத்தின் வலப்பக்க வாயில்களிற் பழுது ஆகியன தோன்றுகின்றன. அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடுதலும் உண்டு.

கட்டியின் தரத்தை அறியாது சிகிச்சையைத் தெரிதல் இயலாது. பெருகும் கலங்களைக் காட்டும் கீ-67 என்னும் புரதம் நூற்றுக்கு 3 கலங்களுக்குக் குறைவாகக் காணப்படின் முதற்றரம். 3 முதல் 20 வரையாயின் இரண்டாந்தரம். 20க்கு மேற்படின் மூன்றாந்தரம்.

பரவாத கட்டியை அறுவையால் அகற்றுதலே முதன்மையான வழி. பரவியவற்றுக்கு மருந்து வேண்டும். 1973இல் அறியப்பட்ட சோமற்றோஸ்ரற்றின் என்னும் ஓமோன் ஓமோன்சுரப்பை அடக்குவது. ஆயின் குருதியிற் சில நிமிடங்களே நிலைப்பது. அதனைப் போலச் செய்து நெடிது நிலைக்குமாறு ஆக்கப்பட்டதே ஒக்ரியோற்றைட். 2009இல் வெளிவந்த ஜேர்மானியப் பரிசோதனையில், 85 நோயாளருள் அம்மருந்து பெற்றோர்க்கு நோய் முன்னேற எடுத்த இடைநிலைக் காலம் 14.3 மாதம், பெறாதோர்க்கு 6 மாதம். சதையிக் கட்டிகளுக்கு எவரோலிமஸ், சுனிற்றினிப் என்பனவும் பயன்தருவனவென 2011இல் நிறுவப்பட்டது. கதிர்வீசும் இலூற்றீசியம்-177ஐக் கட்டிக்கே கொண்டு சேர்க்கும் சிகிச்சையைப் பெற்றோருள் 20 மாதத்தில் நோய் முன்னேறாது இருந்தோர் நூற்றுக்கு 65.2, ஒக்ரியோற்றைட்டை மட்டும் உயர் அளவிற் பெற்றோருள் 10.8. இது 2017இல் வெளிவந்த முடிவு.

எனினும் பரிசோதனைக்குரியோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதியோரும் வேறு பிணியுடையோரும் அதிற் பெரும்பாலும் இடம்பெறார். ஆகவே வைத்தியசாலைகளுக்கு வந்த எல்லோரையும் பதியும் பதிவேடுகளும் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1973 முதல் 2012 வரை பதியப்பட்ட, குடலிலும் நுரையீரல் முதலிய பிற உறுப்புக்களிலும் தோன்றிய கட்டிகளையுடைய 64,971 நோயாளரை ஆராய்ந்ததில், முதற்றரத்தாரின் இடைநிலை ஆயுள் 16.2 ஆண்டு, உயர்தரக் கட்டியுடையோர்க்கோ 10 மாதம். அதே காலத்தில் நோய் காணப்படும் வீதம் இலட்சத்துக்கு 1.09இலிருந்து 6.98ஆக உயர்ந்தது. அகநோக்கிக் கருவிகளும் படப்பிடிப்பும் முன்னர் மறைந்திருந்தவற்றைக் காட்டியமை இவ்வுயர்வுக்கு ஒரு காரணமாம்.

பதிவேட்டைப் படிப்போர் ஓர் இடர்ப்பாட்டை மறத்தலாகாது. அறுவை பெற்றோர் நெடிது வாழ்ந்தனர் என்று அது கூறுமாயின், அப்பயன் முழுவதும் கத்தியினால் வந்ததென்று கொள்ளல் கூடாது. உடல்வலிமையுடையோரையே வைத்தியர் அறுவைக்குத் தெரிந்திருப்பர். பரிசோதனையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. மேற்கூறிய இலூற்றீசியப் பரிசோதனையின் இறுதி முடிவு 2021இல் வந்தபோது, இடைநிலை ஆயுள் 48 மாதமும் 36.3 மாதமுமாக இருந்தும் வேறுபாடு ஐயமற நிறுவப்படவில்லை. ஒப்பீட்டுக் குழுவினருள் நூற்றுக்கு 36 பேர் பின்னர் அதே கதிர்ச்சிகிச்சையைப் பெற்றமை அவ்வேறுபாட்டை மங்கச் செய்திருக்கலாம். நோயாளிக்கு மறுக்கலாகாத சிகிச்சை கணக்கை மங்கச் செய்யினும், கொடுத்தலே அறமாம்.

வைத்தியத் துறை புகவிருக்கும் மாணவர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கன சில. காரணந் தெரியாது நீடிக்கும் வயிற்றோட்டத்தைச் சிறிதென விடாதிருத்தல் ஒன்று. தரம் அறிந்தபின் சிகிச்சை தெரிதல் மற்றொன்று. இடைநிலை ஆயுள் என்பது ஒருவர்க்கு விதித்த எல்லையன்று, பாதிப்பேர் அதனைக் கடந்தும் வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள் என நோயாளிக்கு எடுத்துரைத்தல் மூன்றாவது. முடிவாக, ஓபர்ண்டோர்பர் செய்ததுபோலத் தம் கருத்துப் பிழையெனக் கண்டவிடத்து அதனைத் திருத்திக்கொள்ளல் எல்லா மாணவர்க்கும் உரியதாகும்.