ஜாய்ஸ்டிக்கில் திசை தவறுகிறதா?

சண்டை விளையாட்டில் கீழிருந்து முன்னால் சுழற்றுகிறீர்கள். மூலைத் திசை மட்டும் பதியவில்லை. புதிது வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் உள்ள பயிற்சிப் பகுதியில், அழுத்தும் திசைகள் திரையில் தெரியும்படி வையுங்கள். பிழை கையிலா கருவியிலா என்று புரிந்துவிடும்.

2. எப்போதும் ஒரே திசை தவறினால், குச்சி சாயும்போது அந்தத் திசையைப் பதியும் மைக்ரோசுவிட்சைப் பாருங்கள். உள்ளிருக்கும் உலோகத் தொடுமுனைகள் நாளடைவில் தேயும். சான்வா ஜே.எல்.எஃப். குச்சியில் நான்கு சுவிட்சுகளும் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டவை; பலகையை மட்டும் மாற்றினால் போதும், குச்சியைத் தூக்கி எறியாதீர்கள்.

3. சுவிட்சுக்குப் பதில் ஒளியால் திசையை உணரும் ஆப்டிகல் குச்சிக்கு மாறுவதானால் முதலில் வயரை எண்ணுங்கள். வழக்கமான ஐந்து வயரில் நான்கு திசைக்கும், ஒன்று கிரவுண்டுக்கும் போய்விடும். ஒளி உணரிக்குத் தனியே மின்சாரம் வேண்டும். உங்கள் கருவியின் கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கு இடமில்லையென்றால் வாங்கிய காசு வீண்.

4. வீட்டார் உறங்கும் நேரத்தில் ஆடுபவரானால் ஆப்டிகலையே எடுங்கள். சுவிட்சின் 'க்ளிக்' சத்தம் இருக்காது. அந்தச் சத்தத்தை வைத்தே திசையை அறிபவரானால் மைக்ரோசுவிட்சிலேயே இருங்கள். பழகிய காது பெரிய துணை.

5. ஆப்டிகல் தடுமாறினால், கேபிளைக் கழற்றிவிட்டு உணரிகளை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். தூசி ஒளியை மறைக்கும்.

6. பிடி தளர்வாகத் தோன்றினால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். குச்சி நடுவுக்குத் திரும்பும் விசை அதில்தான் இருக்கிறது.