கயாக் வாங்க நினைக்கும் டயகம பிள்ளைகளுக்கு

காசல்ரியிலோ கித்துல்கலையிலோ ஒருமுறை கயாக்கில் ஏறியவர்களுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆற்றைக் கண்டு ஒதுங்காமல் அதை அறிந்து பழக வேண்டும் என்று விரும்புகிறவன் நான். வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

1. படகுக்கு முன் தண்ணீரை முடிவு செய்யுங்கள். ஹோட்டன் சமவெளிச் சரிவிலிருந்து அக்கரபத்தனைப் பக்கம் இறங்கும் நம் ஆக்ரா ஓயா கல்லும் சரிவுமாக ஓடுவது. அதில் கயாக் இறக்கவே வேண்டாம். தலவாக்கலைக்குப் போனால் மேல் கொத்மலை அணை. அதற்குக் கீழே சென் கிளயர் நீர்வீழ்ச்சி. கித்துல்கலையில் களனி கங்கை நுரைத்துப் பாயும் இடங்கள் வழிகாட்டியோடு ராப்டில் போகிறவர்களுக்கானவை. புதிதாகப் பழகுகிறவர் நுவரெலியா கிரகரி வாவி மாதிரி நின்ற தண்ணீரில் தொடங்கட்டும். கை பழகியபின் யட்டியாந்தோட்டைக்குக் கீழே களனியும், கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையில் மகாவலியும் அகன்று மெதுவாகப் போகும் பகுதிகளைத் தேடலாம். அங்கேயும் ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

2. நம் ஆறுகள் மழை இல்லாமலும் ஏறும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கெசல்கமு ஓயாவில் காசல்ரி, மஸ்கெலியா ஓயாவில் மவுஸ்ஸாகலை, கீழே லக்சபான, பொல்பிட்டிய மின்நிலையங்கள் என்று களனியின் மேற்பகுதி முழுவதும் அணைக்கட்டுதான். கொத்மலை மின்நிலையத்தின் தண்ணீரும் மகாவலியில்தான் போய்ச் சேர்கிறது. மின்நிலையம் ஓடத் தொடங்கினால், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் மட்டம் உயரும். நாடு முழுவதும் விளக்குப் போடும் மாலை நேரத்தில் இது அதிகம். மழைக்காலத்தில் வான்கதவு திறந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கரையில் சாப்பிட உட்காரும்போது தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியைக் குத்தி வையுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அதன் அடி நனைந்திருந்தாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, படகை மேலே இழுத்துவிட்டுக் கரையேறிவிடுங்கள். அணையின் சைரன் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் இறங்கி, பிற்பகல் இடி மழைக்குமுன் வீடு திரும்பிவிடுவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை, சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறும் அந்த மாதங்களே நமக்குத் தோதானவை.

3. நீளம் ஒன்பது, பத்து அடி போதும். குட்டைப் படகு சட்டென்று திரும்பும். பாறையையும் சாய்ந்த மரத்தையும் விலக்கிப் போக அதுதான் வசதி. அகலம் 28 முதல் 30 அங்குலம் இருந்தால் ஆட்டம் குறைவு. ஆனால் வேகம் இராது. மூக்கு இடமும் வலமும் அலையும். நீர்த்தேக்கத்தைக் குறுக்கே கடக்கும் எண்ணம் இருந்தால் பன்னிரண்டு அடியாவது வேண்டும்.

4. மேலே உட்காரும் வகையையே வாங்குங்கள். கவிழ்ந்தாலும் ஏறும் தண்ணீர் அதன் துளைகள் வழியே வடிந்துவிடும். நீங்களும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையில் முன்னும் பின்னும் காற்றடைத்த அறையோ நுரைக்கட்டையோ இல்லாவிட்டால், கவிழ்ந்த படகுக்குள் இருநூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். அந்தப் பாரத்தை ஓடும் ஆற்றில் தனியாள் இழுக்க முடியாது.

5. படகில் குறித்திருக்கும் அதிகபட்ச எடையில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுபது கிலோ ஆள், பத்து கிலோ சாமான் என்றால் 120 கிலோ தாங்கும் படகு வேண்டும்.

6. எங்கே வைப்பீர்கள், எப்படித் தூக்குவீர்கள்? பிளாஸ்டிக் படகு ஒன்று இருபது கிலோவுக்கு மேல் வரும். ஒரு நாள் பேருக்குக் கேட்கும் கொழுந்தின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூடையைப் போல முதுகில் அடங்காது. இரண்டு பேர் வேண்டும், வேனோ லொறியோ வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக் காம்பராவில் பத்தடிப் படகை வைத்தால் ஆள் படுக்க இடம் இல்லை. வெளியே இறவாரத்துக்குக் கீழ், வெயில் படாமல், பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம். இரண்டு மூன்று நண்பர்கள் கூட்டாக ஒன்று வாங்குவதே நம் நிலைமைக்குச் சரி. காற்றடைக்கும் படகு என்றால் தனித்தனிக் காற்றறைகள் உள்ளதாக இருக்கட்டும். நீச்சல் குளத்து விளையாட்டுச் சாமானை ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

7. பழைய படகு வாங்குவது தப்பில்லை. கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெலிந்த இடம் உள்ளே அமுங்கும். பிறகு படகைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெளியே எடுத்து ஆட்டிப் பாருங்கள். வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கினால் விட்டுவிடுங்கள். துடுப்பு 220 முதல் 230 சென்ரிமீற்றர் நீளம் இருந்தால் அகலப் படகுக்குப் பொருந்தும்.

8. தண்ணீரில் விழுந்துவிட்டால் ஓட்டத்தில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் ஆறு ஆளைத் தள்ளிச் சாய்த்துவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து, மெல்லக் கரையை நோக்கி வாருங்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள்.

9. உயிர்காப்பு அங்கியைக் கடைசியாகச் சொல்கிறேன். வாங்கும்போது அதுதான் முதலாவது. வாரை இறுக்கியபின் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. அதில் ஒரு விசில் கட்டியிருக்கட்டும். நீச்சல் தெரிந்தவரும் அதைக் கழற்றக் கூடாது. குளிக்கப் போய் ஆற்றோடு போன பிள்ளைகளுக்காக நம் தோட்டங்கள் அழுதது போதும். இரண்டுக்கும் காசு இல்லையென்றால் இப்போதைக்கு அங்கியை வாங்குங்கள். படகை வாடகைக்கு எடுங்கள்.