காரைக்குடி வெயிலில் கடல் கோபி

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன் என்றதும், “காரைக்குடி வெயிலுக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். தொடங்குவதற்கு ஏற்றவை கோபி என்று கடைகளில் கிடைக்கும் குட்டி மீன்கள். நம் கண்மாய் உளுவையும் இந்த இனம்தான். நியான் கோபி 5 சென்டிமீட்டர் அளவுதான் வளரும். நீந்தித் திரிவதைவிடக் கல்லில் ஒட்டி உட்கார்ந்திருப்பதே அதற்குப் பிடிக்கும். என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியவை இவை:

தொட்டி: மீன் சிறியது என்று தொட்டியைச் சிறிதாக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று ஏறிவிடும். 80 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நான் வளவில், முற்றத்து வெயில் விழாத உள்சுவர் ஓரமாக வைத்திருக்கிறேன். கனத்த சுவர் சூட்டை உள்ளே விடுவதில்லை.

தண்ணீர்: போர் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் மீனுக்கான உப்பைக் கலந்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று அளந்து பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகும்வரை மீன் விடக் கூடாது. அதற்கு ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

கோடை: 25 முதல் 27 டிகிரி நல்லது. சித்திரை, வைகாசியில் நீர்மட்டத்துக்கு மேல் சின்ன விசிறி ஓடவிடுகிறேன். சூடு குறையும், ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் கண்ணாடியில் கோடு போட்டு, தினமும் அதுவரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். கரண்ட் போனால் உதவ, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் அவசியம்.

மூடி: கோபி துள்ளி வெளியே விழும். மூடிக்குப் பதில் வலை போட்டால் காற்றும் போகும், மீனும் தங்கும்.

தீனி: வாய் மிகச் சிறியது. உறையவைத்த ஆர்ட்டீமியா, நறுக்கிய மைசிஸ் இறாலைச் சொட்டுக்குழாயால் அதன் முகத்தருகே விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு வேளை போதும்.

துணை: பெரிய தொட்டி இருந்தால் மஞ்சள் வாட்ச்மேன் கோபியுடன் பிஸ்டல் இறாலைச் சேர்த்து விடுங்கள். இறாலுக்குப் பார்வை மங்கல். அது மணலை அள்ளி வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறாலின் மீசை கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை அசைக்கும். மறுநொடி இறால் உள்ளே போய்விடும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வாங்கும்போது: வயிறு ஒட்டிய மீனை எடுக்காதீர்கள். கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, அது தின்பதைப் பார்த்து வாங்குங்கள். பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கேளுங்கள். நியான் கோபி பண்ணையில் நன்றாக இனம்பெருகும் மீன்.

அலங்காரத்துக்குச் செயற்கைக் கல்லே போதும். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாகிவிட்டன. ராமேசுவரம் போய் வரும்போது பவளக் கல்லை யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். அங்கே வாழும் கோபிகளுக்கு அதுதான் வீடு.