முதலைகளுக்கோர் உறைவிடம்

நண்பகல் வெயிலில் வாய் பிளந்து அசையாது கிடக்கும் முதலையைக் காண்போருள் பலர் அதனைச் சிலை என்றே எண்ணுவர். உயிருள்ளதா என அறியக் கல்லெறிவாரும் உளர். முதலை வாய் திறந்து கிடப்பது சினத்தால் அன்று. உடலின் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதற்காகவே. இதனை அறிந்த சிறுவன் கையிலெடுத்த கல்லைக் கீழே போட்டுவிடுவான். உயிரியல் பூங்காக்கள் ஆற்றும் கல்விப்பணி இத்தகையது.

தோலுக்காக நிகழ்ந்த வேட்டையால் இந்திய முதலையினங்கள் அழிவின் விளிம்பை எட்டியிருந்தன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆயினும், எஞ்சியவை தாமே பெருகும் அளவிற்கு இல்லை. 1975இல் நடுவணரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள வடநெம்மேலியில், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினார்.

ஆற்றங்கரையில் இடப்படும் முட்டைகளுள் பெரும்பகுதியை உடும்பும் நரியும் தின்றுவிடும். பண்ணையிலோ அவை காக்கப்பட்டன; நன்கு உணவு பெற்ற சதுப்புநில முதலைகள் ஆண்டிற்கு இருமுறையும் முட்டையிட்டன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே முடிவு செய்கிறது என்பது இவ்வினத்தில் இங்கு விரிவாக ஆராயப்பட்டது. 31 பாகை செல்சியசிற்குக் கீழ் பெண் குஞ்சுகளே பிறந்தன, 32.5 பாகையை ஒட்டி ஆண் குஞ்சுகள் மிகுந்தன. காட்டில் பல்லாண்டுகள் காத்திருந்தாலும் எளிதில் கிட்டாத அறிவு இது.

இவ்வெற்றியே பின்னர்ச் சிக்கலாயிற்று. வளர்ந்த முதலைகளை நீர்நிலைகளில் விடுவதே தொடக்கக்கால நோக்கம். அவ்வாறு பல விடப்படவும் செய்தன. ஆனால், ஆறுகள்தோறும் அணைகளும் மணற்குவாரிகளும் மீன்பிடி வலைகளும் பெருகின. குளிக்கவும் துவைக்கவும் ஆற்றையே நம்பியிருக்கும் ஊரார் தம் துறையில் முதலையை விடுவதை ஏற்பார்களா? அவர்களைக் குறை கூறுவதும் முறையன்று. விடுவதற்கு இடமின்றிப் போகவே, பண்ணையில் முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பெருக்குவதற்காகத் தோன்றிய இடத்திலேயே முட்டைகள் பொரியாதவாறு தடுக்க வேண்டியதாயிற்று. நெரிசலைக் குறைக்க ஏறத்தாழ 1000 முதலைகளைக் குஜராத் மாநிலத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு காப்பகத்திற்கு அனுப்ப மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இசைவளித்தது. அவை சென்றதும் வேறொரு வேலிக்குள்ளேதான், ஆற்றிற்கு அன்று.